மெய்யான வேலையைக் கையில் கொடுங்கள்: பதின்பருவத்தினரின் சுற்றுச்சூழல் களப்பணி

நாற்பது பிள்ளைகள் வண்டியிலிருந்து இறங்குகிறார்கள். குழிகள் முன்பே தோண்டிக் கிடக்கின்றன. ஆளுக்கொரு கன்று கைக்கு வருகிறது. நட்டு, ஒரு குவளை நீர் ஊற்றி, பதாகைக்குப் பின்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, பத்து மணிக்குள் நிழலுக்கு வந்துவிடுகிறார்கள். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இதில் என்ன நடந்தது என்று புரியாமல் போவதில்லை. குழி தோண்டியவர் வேறு யாரோ. நாளை நீர் ஊற்றப்போவது யார் என்று ஒருவருக்கும் தெரியாது. தான் வராமல் இருந்திருந்தாலும் இந்த இடத்தில் எதுவும் மாறியிருக்காது என்பதை அந்தப் பிள்ளை சரியாகவே கணித்துவிடுகிறது. அடுத்த முறை கூப்பிட்டால் வராததற்குச் சோம்பலைக் காரணம் சொல்வது நியாயமே இல்லை.

பதின்பருவத்தினருக்கான சுற்றுச்சூழல் திட்டங்கள் தோற்பதற்கு முதல் காரணம் இதுதான். அங்கே கொடுக்கப்படும் வேலை பிள்ளைகளுக்காகவே உண்டாக்கிய வேலை. நிலத்துக்கோ நீருக்கோ அது தேவைப்பட்டதில்லை. தேவைப்படுகிற வேலை ஒன்றை எடுத்து, பிள்ளைகள் பத்திரமாகச் செய்து முடிக்கும் அளவுக்கு அதைப் பிரித்து, பாடத்தை அந்த வேலைக்குள்ளேயே வைப்பதுதான் ஒருங்கிணைப்பாளரின் தொழில். மற்ற எல்லாமே, வண்டி, தொப்பி, சான்றிதழ் உட்பட, அதற்குப் பிறகு.

எங்கிருந்து வந்தது இந்த முறை

இளையோரை வெளியே அழைத்துப்போய் இயற்கைக்கு உழைக்க வைக்கும் யோசனைக்கு இரண்டு மூன்று வேர்கள் உண்டு. பொருளாதாரப் பெருமந்தத்தின்போது, 1933இல் அமெரிக்க அரசு 'சிவிலியன் கன்சர்வேஷன் கோர்' என்ற அமைப்பைத் தொடங்கியது. 1942 வரை நடந்த அதில் சுமார் 30 லட்சம் இளைஞர்கள் வேலை பார்த்தார்கள், சுமார் 300 கோடி மரங்களை நட்டார்கள். மாதச் சம்பளம் 30 டாலர், அதில் பெரும்பகுதி நேராக வீட்டுக்குப் போய்விடும். அது வேலைவாய்ப்புத் திட்டம். கல்வி அதன் ஓரத்தில்தான் இருந்தது.

அடுத்த வேர் 1941இல், வேல்ஸின் அபர்டோவியில். கல்வியாளர் கர்ட் ஹானும் கப்பல் நிறுவன உரிமையாளர் லாரன்ஸ் ஹோல்ட்டும் சேர்ந்து தொடங்கிய 'அவுட்வர்டு பவுண்டு' பள்ளி, கடலையும் மலையையும் வகுப்பறை ஆக்கியது. சிரமத்தைச் சமாளிக்கும் மனவலிமையை வளர்ப்பதே அதன் நோக்கம். இன்றைய முகாம்களில் உள்ள மலையேற்றம், குழுச் சவால், தனிமை நேரம் எல்லாவற்றிலும் அதன் சாயல் தெரியும்.

இரண்டையும் ஒன்றாக்கியவர் எலிசபெத் குஷ்மன் டைட்டஸ் என்ற அமெரிக்கக் கல்லூரி மாணவி. பராமரிக்க ஆளில்லாமல் நலிந்துகொண்டிருந்த தேசியப் பூங்காக்களில் மாணவர்களைப் பணிக்கு அமர்த்தலாம் என்று 1955இல் தன் பட்ட ஆய்வேட்டில் எழுதினார். இரண்டே ஆண்டுகளில், 1957இல், 53 மாணவர்கள் ஒலிம்பிக், கிராண்டு டீட்டன் பூங்காக்களுக்குப் போனார்கள். அந்த முயற்சியிலிருந்து வளர்ந்ததுதான் 'ஸ்டூடண்ட் கன்சர்வேஷன் அசோசியேஷன்'. அது எழுந்த விதத்தைக் கவனிக்க வேண்டும். பூங்காக்களுக்கு ஆள் தேவைப்பட்டது, அதனால்தான் திட்டம் வந்தது.

கொள்கை அளவில் எல்லோரும் மேற்கோள் காட்டுவது 1977 அக்டோபரில் திபிலிசியில் யுனெஸ்கோவும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் நடத்திய மாநாட்டை. விழிப்புணர்வு, அறிவு, மனப்பாங்கு, திறன், பங்கேற்பு என ஐந்து குறிக்கோள்களை அது வகுத்தது. நடைமுறையில் முதல் இரண்டோடு நின்றுவிடும் திட்டங்களே ஏராளம். தகவல் கொடுத்தால் மனம் மாறும், மனம் மாறினால் நடத்தை மாறும் என்ற நேர்க்கோட்டு நம்பிக்கை அதற்குக் காரணம். ஹங்கர்ஃபோர்டு, வோக் என்ற இரு ஆய்வாளர்கள் 1990இல் எழுதிய கட்டுரை அந்த நேர்க்கோட்டை ஆராய்ச்சி ஆதரிக்கவில்லை என்று எடுத்துக்காட்டியது. ஒரு பிரச்சினை தன்னுடையது என்ற உரிமையுணர்வு, செயல்படும் திறன், தன் செயலால் பலன் உண்டு என்ற நம்பிக்கை ஆகியவை சேரும்போதுதான் நடத்தை அசைகிறது. மூன்றும் உரையால் வருபவையல்ல, கையால் வருபவை.

எந்த வேலையை எடுப்பது

முதலில் நிலத்தைப் பொறுப்பில் வைத்திருப்பவரிடம் போய், “பிள்ளைகளுக்கு என்ன வேலை கொடுக்கலாம்?” என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் தீங்கில்லாத, தேவையுமில்லாத ஒன்றைச் சொல்லி அனுப்புவார். “ஆள் இல்லாததால் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும் வேலை எது?” என்று கேளுங்கள். அந்தப் பட்டியலில்தான் மெய்யான வேலை இருக்கும். மழையில் அரித்துப்போன நடைபாதை, களைச்செடி புகுந்த ஓடைக்கரை, இரண்டு ஆண்டுகளாக யாரும் அளக்காத குளம், போன ஆண்டு நட்டு மறந்த கன்றுகள்.

கிடைத்த வேலையைச் சில கேள்விகளால் சலித்துப் பாருங்கள். கிடைத்த நேரத்துக்குள் ஒரு பகுதியாவது முழுமையாக முடியுமா? முடிந்ததும் வேறுபாடு கண்ணுக்குத் தெரியுமா? தவறாகச் செய்தால் திருத்த முடியுமா? பிறகு யார் பராமரிப்பார்கள்? கடைசிக் கேள்விக்குப் பெயரோடு பதில் வராவிட்டால் வேறு வேலை பாருங்கள்.

அளவைக் குறைத்தே திட்டமிடுங்கள். பழகிய பெரியவர் ஒரு மணி நேரத்தில் முடிப்பதைப் புதிய பிள்ளை செய்ய மூன்று மணி நேரம் வைத்துக்கொள்வது பாதுகாப்பான கணக்கு. கருவி பிடிக்கக் கற்பது, பார்த்ததைப் பற்றிக் கேட்பது, ஒரு தவளையைக் கண்டு எல்லோரும் கூடுவது எல்லாம் அதற்குள் வரும், வரவும் வேண்டும். நூறு மீட்டர் பாதையை அரைகுறையாக விட்டு வருவதைவிட இருபது மீட்டரை முடித்து வருவது மேல்.

பாதை வேலை பதின்பருவத்தினருக்கு நன்றாகப் பொருந்துவதற்குக் காரணம் இருக்கிறது. பாதை கெடுவது மழை நீர் அதன் நெடுக ஓடுவதால். நீரைப் பாதையின் குறுக்கே வெளியேற்றிவிட்டால் அரிப்பு நிற்கும். அதற்குப் பாதையின் பள்ளத்துப் பக்கம் சற்றே தாழ்ந்திருக்க வேண்டும். ஒரு மீட்டர் அகலத்துக்கு 5 சென்டிமீட்டர் சரிவு போதும். நடந்து நடந்து வெளி ஓரத்தில் எழும்பிவிட்ட மண் வரப்பை வெட்டி எடுப்பதுதான் பாதி வேலை. முடித்த இடத்தில் ஒரு வாளி நீரைக் கொட்டிப் பார்த்தால் நீரே தீர்ப்புச் சொல்லிவிடும். நெடுக ஓடினால் திரும்ப வெட்ட வேண்டியதுதான். யாரும் திட்டத் தேவையில்லை, பாராட்டவும் தேவையில்லை.

களைச்செடி அகற்றுவதில் ஆபத்து வேறு. தவறான செடியைப் பிடுங்கிவிடுவார்கள். காட்டின் சொந்த நாற்றும் களையின் நாற்றும் முதல் நான்கு இலைப் பருவத்தில் ஒன்றுபோலவே தோன்றலாம். ஆகவே தொடங்குமுன் காப்பாற்ற வேண்டிய செடிகளுக்கெல்லாம் வண்ண நாடா கட்டுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் அகற்ற வேண்டிய செடியில் மூன்றைத் தானே அடையாளம் காட்டிய பிறகு கையில் கருவி கொடுங்கள். விதை முற்றுவதற்கு முன்னால் வேலை நடக்க வேண்டும். முற்றிய பிறகு இழுத்தால் காலணியிலும் உடையிலும் ஒட்டிக்கொண்டு விதை புது இடத்துக்குப் போகும், களையைப் பரப்பிய பெருமை உங்கள் குழுவைச் சேரும்.

கரையோரக் குப்பை சேகரிப்பு எளிது, ஆனால் எண்ணாமல் சேகரித்தால் பாதிப் பயன் போய்விடுகிறது. 1986இல் டெக்சாஸ் கடற்கரையில் லிண்டா மரனிஸும் கேத்தி ஓஹாராவும் முன்னின்று நடத்திய துப்புரவில், எடுத்த ஒவ்வொரு பொருளையும் அட்டையில் வகை பிரித்துக் குறிக்கச் சொன்னார்கள். இன்று உலகெங்கும் நடக்கும் கடற்கரைத் துப்புரவு நாளின் தொடக்கம் அது. மூட்டை எத்தனை என்பது செய்தித்தாளுக்கு உதவும். மூடி எத்தனை, வலைத்துண்டு எத்தனை என்பது எங்கிருந்து குப்பை வருகிறது என்று கண்டுபிடிக்க உதவும். ஒரு விதி மாறக்கூடாது. ஊசி, உடைந்த கண்ணாடிக் குழாய், இறந்த விலங்கு, என்னவென்று தெரியாத திரவமுள்ள கலன் எதையும் பிள்ளைகள் தொடக்கூடாது. நின்று, கை உயர்த்தி, பெரியவரைக் கூப்பிட வேண்டும். ஊசியைக் கிடுக்கியால் எடுத்துக் கெட்டியான பிளாஸ்டிக் பெட்டியில் போடுவது பெரியவரின் வேலை.

குழுவும் பெரியவர்களும்

ஒரு குழுவில் பத்து, பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் பேச்சு சொற்பொழிவாகிவிடும். குழுவுக்குக் குறைந்தது இரண்டு பெரியவர்கள். ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் அவரோடு இருப்பார், ஒருவர் மற்றவர்களோடு இருப்பார். உதவி கேட்க நடந்து போக வேண்டிய தொலைவிடமென்றால் மூன்று பேர் தேவை. இரண்டு பேர் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு மற்றவர் கண்ணில் படாத இடத்தில் தனியாக இருக்கக்கூடாது. ஆளைப் பொறுத்துத் தளர்த்தக்கூடிய விதியல்ல இது. நம்பிக்கையானவர் என்பதால் தளர்த்தும்போதுதான் அது உடைகிறது.

பெரியவர்களில் ஒருவராவது முறையான முதலுதவிப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். மருத்துவ உதவி ஒரு மணி நேரத்துக்குமேல் தள்ளியிருக்கும் இடங்களுக்கென்றே தனிப் பயிற்சிகள் உண்டு. அடிப்படைப் பயிற்சி 16 மணி நேரம், குழுவைத் தொழிலாக அழைத்துப்போகிறவர்களுக்கானது 70 முதல் 80 மணி நேரம். பெற்றோர் நிரப்பித் தரும் மருத்துவப் படிவத்தில் ஒவ்வாமை, ஆஸ்துமா, வலிப்பு, அன்றாட மருந்து, நீந்தத் தெரியுமா என்பவை கட்டாயம். படிவம் அலுவலக அலமாரியில் இருந்து பயனில்லை. அதன் நகல் முதலுதவிப் பையில் இருக்க வேண்டும். தேனீக் கொட்டுக்கு உயிராபத்தான ஒவ்வாமை உள்ள பிள்ளையின் எபிநெஃப்ரின் ஊசி எந்தப் பையின் எந்த அறையில் இருக்கிறது என்பது இரண்டு பெரியவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பன்னிரண்டு வயதையும் பதினேழு வயதையும் ஒரே குழுவில் போட்டால் இரு பக்கமும் சலிப்பு வரும், மூத்தவர்களுக்குத் தெளிவான பொறுப்பு கொடுத்திருந்தால் தவிர. அப்படிக் கொடுத்தால் அதுவே குழுவின் பலமாகிவிடும்.

முன்னதாகப் போய்ப் பார்ப்பது

வேலை நடக்கும் இடத்துக்கு, அதே கிழமையில், அதே நேரத்தில் ஒருமுறை போய்வாருங்கள். காலையில் நிழலாக இருந்த இடம் பதினொரு மணிக்கு வெட்டவெளியாகும். வாரநாளில் வெறிச்சென்றிருந்த கரை ஞாயிறன்று வேறு கூட்டத்தால் நிறையும். பார்க்க வேண்டியவை: தலைக்குமேல் பட்டுப்போன கிளைகள், குளவிக்கூடு, வழுக்கும் பாறை, தொலைபேசி சிக்னல் எங்கே கிடைக்கிறது, அவசர வண்டி எதுவரை வரும், இடி இடித்தால் எல்லோரும் ஒதுங்கக் கட்டடம் எவ்வளவு தூரம். இடத்தை யாருக்கும் வழி சொல்லும்படி ஒரு வரியில் எழுதி வையுங்கள். பதற்றத்தில் வழி சொல்வது யாருக்கும் எளிதல்ல.

கழிப்பிடத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வசதியான, பூட்டக்கூடிய கழிப்பிடம் இல்லாத இடத்தில் பெண் பிள்ளைகள் பலர் நீர் குடிப்பதையே நிறுத்திவிடுவார்கள். யாரிடமும் சொல்லமாட்டார்கள். மதியம் தலைவலி, மயக்கம் என்று உட்காரும்போது வெயில்மேல் பழி போடப்படும். நடந்து போகும் தூரத்தில் கழிப்பிடம் இருக்க வேண்டும், இல்லையேல் மறைப்பு அமைக்க வேண்டும். சானிட்டரி நாப்கின் முதலுதவிப் பையில் இருக்கிறது, கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம் என்று காலையிலேயே எல்லோர் முன்பும் இயல்பாகச் சொல்லிவிடுங்கள். காட்டுப்பகுதியில் குழி தோண்டுவதே வழியென்றால் 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழம், நீர்நிலையிலிருந்தும் பாதையிலிருந்தும் குறைந்தது 60 மீட்டர் தள்ளி. அந்த ஆழத்தில்தான் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் சுறுசுறுப்பாக இருக்கும். நாப்கினைப் புதைக்காமல் பையில் கட்டித் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

கருவி, வெயில், இடி

மண்வெட்டி, கடப்பாரை, வெட்டுக்கத்தி என எதைக் கொடுத்தாலும் முதல் பதினைந்து நிமிடம் அதற்கானது. கருவியோடு கையை நீட்டி மெதுவாக ஒரு வட்டம் சுற்றச் சொல்லுங்கள். அந்த வட்டத்துக்குள் யாரும் இருக்கக்கூடாது. நடைமுறையில் ஒருவருக்கொருவர் மூன்று மீட்டர் இடைவெளி. கருவியைத் தோளில் வைக்காமல், வெட்டுமுனை கீழ்நோக்கி இருக்க, சரிவில் நடக்கும்போது பள்ளத்துப் பக்கக் கையில் தொங்கவிட்டுப் பிடிக்க வேண்டும். வழுக்கினால் வீசிவிட முடியும். கீழே வைக்கும்போது முனை மண்ணைப் பார்த்திருக்க வேண்டும். வேலை செய்கிறவரைக் கடந்து போக வேண்டுமென்றால் குரல் கொடுத்து, அவர் கருவியைத் தரையில் ஊன்றி நிமிர்ந்து பார்த்த பிறகே நகர வேண்டும்.

இடைவெளி விதி பதின்பருவத்தினருக்கு ஏன் கூடுதலாகத் தேவை என்பதற்கு ஆராய்ச்சியே உண்டு. கார்ட்னர், ஸ்டெய்ன்பெர்க் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட சோதனையில், கணினியில் கார் ஓட்டும் விளையாட்டைத் தனியாக ஆடியபோதைவிட நண்பர்கள் அருகில் இருந்தபோது பதின்பருவத்தினர் மிகுதியாகத் துணிந்து ஆபத்தை எடுத்தார்கள். பெரியவர்களிடம் அந்த வேறுபாடு காணவில்லை. தனியாக நின்றால் கவனமாக வெட்டும் பிள்ளை, நண்பன் பார்க்கிறான் என்றால் ஓங்கி வெட்டும். நெருங்கிய நண்பர்களை அருகருகே நிறுத்தாமல் ஒரு ஆள் விட்டு நிறுத்துவது எளிய, பலனுள்ள ஏற்பாடு.

வெயிலில் உழைக்கும்போது இருபது நிமிடத்துக்கொரு முறை ஒரு குவளை, அதாவது சுமார் 250 மில்லிலிட்டர் நீர். நான்கு மணி நேர வேலைக்கு ஆளுக்கு மூன்று லிட்டர் என்று எடுத்துப்போங்கள். தாகம் எடுத்ததும் குடிக்கலாம் என்று விட்டால் மறந்துவிடுவார்கள். ஒருவரைக் கடிகாரம் பார்க்க வைத்துக் குரல் கொடுக்கச் சொல்லுங்கள். மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் குடிப்பதும் கூடாது, இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். வியர்வை மிகுந்த நாளில் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு சமமான தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்த கரைசல் கைவசம் இருக்கட்டும். ஒரு பிள்ளை குழம்பிப் பேசினால், தள்ளாடினால், அது வெப்பத்தாக்கு. அங்கேயே நிழலில் கிடத்தி உடல் முழுக்க நீர் ஊற்றி விசிறத் தொடங்குங்கள். அவசர வண்டியை இன்னொருவர் கூப்பிடட்டும். குளிர்விப்பதைத் தள்ளிப்போட்டு மருத்துவமனைக்கு ஓடுவதால் இழக்கும் நிமிடங்கள்தான் உயிருக்கு விலை.

இடி காதில் விழுந்தாலே வேலை நின்றுவிட வேண்டும். கட்டடத்துக்கோ மூடிய வண்டிக்கோ போய், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும்வரை வெளியே வரக்கூடாது. மரத்தடி ஒதுக்கிடமல்ல.

ஓடையில் ஒரு காலை

பாடத்தை வேலைக்குள் வைப்பது என்றால் என்ன என்பதற்கு, நீரில் வாழும் சிறு பூச்சிகளை வைத்து ஓடையின் நலத்தைக் கணிக்கும் ஓடை ஆய்வு நல்ல உதாரணம். தேவையானவை எளியவை: நுண்ணிய கண்ணியுள்ள கைவலை, வெள்ளைத் தட்டு, உருப்பெருக்கி, தண்ணீருக்கான வெப்பமானி, பென்சில், அட்டை. மூன்று பேருக்கு ஒரு வலை, ஒரு தட்டு. பத்துப் பேருக்கு ஒரு வலை என்றால் ஏழு பேர் வேடிக்கை பார்ப்பார்கள், அங்கிருந்து நாளே கெடும்.

நீர் முழங்காலுக்கு மேல் இருந்தாலோ மழைக்குப் பின் கலங்கி ஓடினாலோ இறங்கக் கூடாது. காயம் உள்ளவர்கள் கரையில் பதிவு வேலை பார்க்கட்டும். வலையின் வாய் நீர் வரும் திசையைப் பார்த்திருக்க, அதற்கு முன்னால் நின்று காலால் அடித்தரையைக் கிளற வேண்டும். கிளறியதெல்லாம் ஓட்டத்தில் வலைக்குள் வந்து சேரும். மூன்று நிமிடம், கடிகாரம் வைத்து. ஓரத்துக் கற்கள், நடு ஓட்டம், இலைக்குவியல் என்று நேரத்தைப் பங்கிட வேண்டும். பிறகு இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீருள்ள தட்டில் வலையைக் கவிழ்த்து, அசையாமல் காத்திருக்க வேண்டும்.

முதல் அரை நிமிடம் தட்டில் சேறும் சருகும் மட்டுமே தெரியும். “ஒண்ணுமே இல்லையே” என்று ஒரு குரல் வரும். பதில் சொல்லாதீர்கள். சருகென்று நினைத்த ஒன்று நகரும். மணல் துகள்களை ஒட்டிக் கட்டிய ஒரு சிறு குழாய், அதன் முனையிலிருந்து ஆறு கால்கள். கேடிஸ் பூச்சியின் புழு அது. வயிற்றின் இரு பக்கமும் செவுள்கள் படபடக்க, வாலில் மூன்று இழைகளோடு இருப்பது பெரும்பாலும் மேஃப்ளை. இரண்டே இழைகளென்றால் ஸ்டோன்ஃப்ளையாக இருக்கலாம். இவை மூன்றும் ஆக்சிஜன் நிறைந்த நீரைக் கேட்பவை. தட்டு முழுக்க இரத்தச் சிவப்பில் நெளியும் கொசுப்போன்ற ஈயின் புழுக்களும் மெல்லிய மண்புழு வகைகளும் மட்டுமே இருந்தால் நீரில் ஆக்சிஜன் குறைந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். அந்தச் சிவப்பு நம் இரத்தத்தில் உள்ள அதே ஹீமோகுளோபின் வகைப் பொருளால் வருவது. கொஞ்சமே உள்ள ஆக்சிஜனையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும்.

இப்போது வெப்பமானியைக் கொடுங்கள். கடல்மட்டத்தில் 20 டிகிரி நீரில் அதிகபட்சம் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜன் ஒரு லிட்டரில் கரைந்திருக்கும், 30 டிகிரியில் சுமார் ஏழரைதான். கரையோர மரத்தை வெட்டினால் பூச்சி ஏன் சாகும் என்ற கேள்விக்கு இனி நீங்கள் விடை சொல்ல வேண்டியதில்லை, நிழலிலும் வெயிலிலும் வெப்பத்தை அளந்த பிள்ளை சொல்லிவிடும். கேள்விகள் மூன்று போதும்: என்ன பார்க்கிறாய், ஏன் அப்படி என்று நினைக்கிறாய், அது சரியா என்று எப்படிச் சோதிக்கலாம்? ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் ஐந்தாறு வினாடி வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் கடினம்.

இங்கே வழக்கமாகக் கெடுவது என்ன? புரட்டிய கல்லைப் பழைய நிலையில் வைக்காமல் விடுவது, தட்டை வெயிலில் வைத்துப் பூச்சிகளை வேகவைப்பது, ஒரே ஒரு மாதிரியை எடுத்து ஓடையே கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவது. இரண்டு இடங்களில் மும்மூன்று மாதிரி எடுங்கள். வெப்பமான தாழ்நிலத்து ஓடையில் ஸ்டோன்ஃப்ளை இல்லாததே இயல்பாக இருக்கலாம், ஆகவே வேறு ஊர் அட்டவணையோடு ஒப்பிடாமல் அதே ஓடையின் மேல்பகுதியோடும் போன பருவத்தோடும் ஒப்பிடுங்கள். உண்ணுமுன் சோப்பால் கை கழுவுவது கட்டாயம்.

கன்று நடுவதென்றால்

நடுவதை ஒதுக்கச் சொல்லவில்லை, முழுமையாகச் செய்யச் சொல்கிறோம். குழியைப் பிள்ளைகளே தோண்டட்டும். வேர்க்கட்டியைப் போல் இரண்டு மூன்று மடங்கு அகலம், ஆழம் மட்டும் வேர்க்கட்டி அளவே. ஆழமாகத் தோண்டினால் மண் இறுகும்போது கன்று உள்ளே இறங்கி, தண்டும் வேரும் சேரும் கழுத்து புதைந்து அழுகும். பிளாஸ்டிக் பையைக் கழற்றாமல் நடுவது நம்ப முடியாத அளவுக்கு அடிக்கடி நடக்கிறது. கழற்றிய பைகளை எண்ணுங்கள், கன்றுகளின் எண்ணிக்கையோடு ஒத்துப்போக வேண்டும். பைக்குள் சுற்றிச் சுற்றி வளர்ந்த வேரை வெட்டிவிடாவிட்டால் நிலத்திலும் அது சுற்றியே வளர்ந்து, சில ஆண்டுகளில் தன் தண்டையே நெரிக்கும். மண்மேல் சருகு பரப்பும் மூடாக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர் கனம், தண்டைத் தொடாமல் உள்ளங்கை அகலம் தள்ளி.

பிறகு எண் எழுதிய குச்சி ஒன்று, பதிவேட்டில் ஒரு வரி. அடுத்த இரண்டு கோடைகளுக்கு யார் எந்த வாரம் நீர் ஊற்றுவது என்ற அட்டவணை அன்றே எழுதப்பட வேண்டும். நூறு கன்று நட ஆசைப்பட்டால், இரண்டு ஆண்டு நீர் ஊற்ற முடிவது இருபதுக்குத்தான் என்றால், இருபதை நடுங்கள். பட்டுப்போன கன்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும், காரணத்தோடு. தன் கன்று ஏன் பட்டது என்று தோண்டி வேரைப் பார்க்கும் பிள்ளை கற்பது, அது தழைத்திருந்தால் கற்றிருப்பதைவிடக் குறைவல்ல.

பொறுப்பை மாற்றித் தருவது

முதல் நாளில் பெரியவர் சொல்லிக்கொடுக்கிறார், இரண்டாம் நாளில் கூட நிற்கிறார், மூன்றாம் நாளில் பத்தடி தள்ளி நிற்கிறார். கருவி எண்ணுபவர், கடிகாரம் பார்ப்பவர், பதிவு எழுதுபவர், தலை எண்ணுபவர் என்று நான்கு பொறுப்பாவது பிள்ளைகளிடம் இருக்க வேண்டும், சுழற்சி முறையில். பொறுப்பு கொடுத்தபின் அதைத் தட்டிப் பறிக்காதீர்கள். கருவி எண்ணும் பெண் ஒன்று குறைகிறது என்றால், உங்களுக்கு அது இருக்கும் இடம் தெரிந்திருந்தாலும், அவள் தேடிக் கண்டுபிடிக்கும்வரை வண்டி நிற்கட்டும்.

ஒதுங்கி நிற்கும் பிள்ளையை எல்லோர் முன்பும் இழுக்க வேண்டாம். அழுக்காவது, தன் உடல் கேலிக்கு ஆளாவது, தெரியாதென்று தெரிந்துவிடுவது, இந்த மூன்று அச்சங்களில் ஒன்று பெரும்பாலும் இருக்கும். இருவர் செய்யும் வேலை ஒன்றைக் கொடுத்துப் பேச்சுக் குறைந்த துணையோடு விடுங்கள். தொலைபேசியைப் பறிப்பதால் வரும் சண்டையைவிட, செடியைப் படம் எடுத்து அடையாளம் காண வேலை நேரத்தில் ஒருவர் மட்டும் அதைப் பயன்படுத்துவது என்று ஒப்புக்கொள்வது நல்லது.

பூமி அழிகிறது என்ற பேச்சை ஏற்றவேண்டாம். அது தொலைபேசி வழியாக அவர்கள் கைக்கு வந்து சேர்ந்துகொண்டே இருக்கிறது. கைக்கு எட்டும் அளவில் ஒன்றைச் சரிசெய்து முடித்த அனுபவம்தான் அவர்களிடம் இல்லாதது.

வேலை முடிந்து, களைப்பு ஏறுமுன், உணவுக்கு முன்னால் பதினைந்து நிமிடம் வட்டமாக உட்காருங்கள். அனுபவம், அதைத் திரும்பிப் பார்த்தல், அதிலிருந்து கருத்து, அதை வேறிடத்தில் முயன்று பார்த்தல் என்று கல்வி ஆய்வாளர் டேவிட் கோல்ப் 1984இல் வகுத்த சுழற்சியில் எளிதில் விடுபடுவது இரண்டாம் படிதான். வண்டியில் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளினால் வண்டியில் எல்லோரும் தூங்கிவிடுவார்கள். “எப்படி இருந்தது?” என்று கேட்டால் “நல்லா இருந்தது” என்றே வரும். “இன்னைக்கு எந்த இடத்துல உன் கணிப்பு தப்பாப் போச்சு?” என்று கேளுங்கள். முதலில் ஒரு பெரியவர் தன் தவறைச் சொல்லித் தொடங்கட்டும்.

எதை எண்ணுவது என்பதும் முன்பே முடிவாக வேண்டும். வந்தவர் எத்தனை, நட்டது எத்தனை என்பவை அறிக்கைக்கு எளியவை. ஓராண்டுக்குப்பின் உயிரோடிருக்கும் கன்று எத்தனை, முதல் பெருமழைக்குப்பின் பாதை எப்படி இருக்கிறது, அளவீட்டை யார் பயன்படுத்தினார்கள், இரண்டாம் முறை தானாக வந்த பிள்ளைகள் எத்தனை பேர், பங்கேற்றவர்களில் எத்தனை பேர் இப்போது குழு நடத்துகிறார்கள் என்பவற்றுக்குத் தனிப் பதிவேடு வைத்தால் திட்டம் எங்கே நிற்கிறது என்று தெரியும்.

இடத்தை விட்டுக் கிளம்புமுன் கருவிகளைக் கழுவித் துடைத்து எண்ணி, தலைகளையும் இருமுறை எண்ணி, அடுத்து வரும் நாளை எல்லோர் முன்னிலையிலும் குறியுங்கள். இரண்டு நாட்களுக்குள் அன்றைய அளவீடுகளும், முடித்த நீளமும், முடியாமல் விட்டதும் ஒரே பக்கத்தில் எழுதப்பட்டு நிலப் பொறுப்பாளருக்கும் பிள்ளைகளுக்கும் போய்ச் சேர வேண்டும். அந்தப் பக்கத்தை எழுதுவதும் பிள்ளைகளில் ஒருவரே.